சனிக்கிழமைக்கென்று வைத்த போத்தல்கள்

பஸ்ரியன் தொட்ட வேலை எதுவும் முழுதாக முடிந்த சரித்திரம் அந்த வீட்டில் இல்லை. அடித்த பெயின்ற் பாதிச் சுவரோடு நிற்கும். வெட்டத் தொடங்கிய புல் பாதியில் கிடக்கும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வேலையை அவன் சுத்தமாகச் செய்து முடித்திருந்தான். அவன் மனைவி அருள்மலர் நிலவறையில் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த பியர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாகக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போய், செத்தவீட்டுக்கு வந்திருந்த ஆண்களுக்குக் கொடுத்துவிட்டான்.

அருள்மலர் பக்கத்து நகரமான மார்க்கத்தில் வேலை முடிந்து வந்து, காரை வீதியோரம் விட்டுவிட்டு, கராஜைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். மடக்குக் கதிரைகளில் இருந்தவர்களின் கைகளில் அந்த மண்ணிறப் போத்தல்களைக் கண்டாள். நிலமெல்லாம் மூடிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு மூடியிலும் அவள் கறுப்பு மையில் எழுதிய இலக்கம் இருந்தது.

பஸ்ரியனைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவன் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

“ஆக்கள் வந்துகொண்டே இருக்கினம் அருள். பியர் கடை லைனிலை போய் நிக்க எனக்கு எங்கை நேரம்? உன்ரை சும்மா கிடந்தது, எடுத்தன். நீ வேறை செய்யலாம்தானே.”

சும்மா கிடந்ததாம். வேறை செய்யலாமாம். அந்தப் போத்தல்கள் ஏன் அங்கே கிடந்தன என்பதை அவனுக்கு அவள் ஒரு தடவையல்ல, பல தடவை சொல்லியிருந்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருந்தான். தலையை ஆட்டுவதற்கும் காதால் கேட்பதற்கும் சம்பந்தமில்லாத மனிதர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவனை அவள் தேவாலயத்தில் வைத்துக் கைப்பிடித்திருந்தாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள் அருள்மலர். கரண்ட் இல்லாத காலத்தில், சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பட்டம் வாங்கினாள். கனடா அந்தப் பட்டத்தைப் பார்த்துவிட்டு, மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் உறைந்த சமோசாக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையைக் கொடுத்தது. எட்டு வருடமாக அடுக்குகிறாள்.

பியர் அவளிடம் வந்ததும் பஸ்ரியனின் அரைகுறை வேலையால்தான். மலிவாய் இருக்கிறதென்று வீட்டில் பியர் செய்யும் சாமான்கள் வாங்கி வந்தான். முதல் முறை செய்ததை வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாம் முறை அதைவிடக் கேவலம். அதோடு அவன் கைவிட்டான். அவள் மட்டும் அடியில் படிந்திருந்த வண்டலைப் பார்த்து யோசித்தாள். பார்லியிலோ தண்ணீரிலோ பிழையில்லை, ஈஸ்டில்தான் பிழை என்று அவளுக்குப் பட்டது. மதுவம் என்றுதான் அவள் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்திருந்தாள். மாவைப் பொங்க வைப்பதும் அதுதான், இனிப்பைக் குடித்துச் சாராயமாக்குவதும் அதுதான். அதிலே நூறு இனம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தங்கள் மதுவம் எது என்று தெரியாமல் பியர் காய்ச்சுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டுகிறவர்கள் என்பது அவளுடைய கட்சி.

அவள் காய்ச்சியதை, பார்லியும் போத்தலும் விற்கிற கடையில் ருசி பார்த்தவள் மொய்ரா. டவுன் பக்கத்தில் சின்னதாக ஒரு பியர் ஆலை தொடங்கப்போகிற வெள்ளைக்காரி. நாலு குழாய்களில் நாலு மதுவங்களை அவளிடம் தந்தாள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இதே நாலை, கல்லூரி முடித்த ஒரு பெடியனுக்கும் கொடுத்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். நாலையும் வளர்த்து, ஒரே மாதிரிக் காய்ச்சி, எங்கள் ஆலைக்கு எது பொருத்தம் என்று காட்டவேண்டும். வாயால் சொல்வது கணக்கில்லை, பியர் மேசைக்கு வரவேண்டும். மே மாதம் இருபத்திமூன்றாம் தேதி சனிக்கிழமை, பங்காளிகள் எல்லோரும் வருகிற ஒரே நாள். அன்றைக்கு யாருடைய பியர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதோ அவருக்கு ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை. ஆய்வுகூடம் என்ற சொல்லை எட்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் அருள்மலரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வசந்தம் முழுக்க அவள் அந்த நாலோடு கிடந்தாள். ஜெல்லித் தட்டுகளில் கம்பியால் கோடு இழுத்து வளர்த்தாள். வெள்ளைப் பொட்டுகளாக முளைத்ததில் தனிப் பொட்டுகளைத் தேர்ந்து, பார்லிச் சாற்றில் ஊட்டி, சிறிய குடுவையிலிருந்து பெரிய குடுவைக்கு மாற்றிப் பெருக்கினாள். பிறகு ஒரே பானையில் காய்ச்சிய சாற்றை நாலு கண்ணாடிச் சாடிகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மதுவத்தைப் போட்டாள். ஒன்றாம் இலக்கம் சொல்வழி கேட்கும் பிள்ளை, ஒரு வாசமும் இல்லை. இரண்டாவது வாழைப்பழமாய் மணத்தது. மூன்றாவது சோம்பேறி, தொடங்கவே இரண்டு நாள் எடுத்தது. நாலாவது முரட்டுத்தனமாய்ப் பொங்கி, வேலை முடிந்ததும் அடியில் கல்லுப்போலப் படிந்தது. அவளுக்கு நாலாவதில் ஒரு கண். ஆனால் போத்தலில் அடைத்து வாயு ஏறும்வரை எதையும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. அதற்குத்தான் சனிக்கிழமை வரை பொறுத்திருந்தாள்.

மதுவம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நீலச் சாயம் ஒரு துளி விடுவார்கள். உயிருள்ள கலம் சாயத்தை ஏற்காமல் வெள்ளையாய் நிற்கும், செத்தது நீலமாகும். பழைய நுணுக்குக்காட்டி ஒன்றில் குனிந்து அவள் அதை எண்ணிக்கொண்டிருந்த கிழமைகளில்தான் அங்கே ஊரில், சண்டை நடந்த வன்னியிலும் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு வானொலி ஒரு தொகை சொல்லும், மற்றது அதைப் பொய் என்னும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யாராவது அவளிடம் ஒரு உவமானம் சொல்லியிருந்தால் அந்த நுணுக்குக்காட்டியாலேயே மண்டையில் போட்டிருப்பாள். சாயம் பொய் சொல்லாது. மனிதர்கள்தான் சொன்னார்கள்.

அவள் ஒன்றும் ஊர் எரியும்போது பியர் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அல்ல. வேலை முடிந்து போய்த் தெருவில் நின்றாள். கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த ஞாயிற்றுக்கிழமை, குளிரில் விறைத்துக்கொண்டு அந்தத் தாரில் அவளும் இருந்தாள். குண்டு போட்டவன்மேல் ஆத்திரம், பார்த்துக்கொண்டிருந்த நாடுகள்மேல் ஆத்திரம், சனத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவர்கள்மேல் ஆத்திரம். முதல் இரண்டையும் கத்திச் சொல்லலாம். மூன்றாவதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். அது அந்தக் காலத்து ரொறொன்ரோவின் சட்டம்.

மூன்றாவது ஆத்திரத்துக்குப் பெயர் யூட். அவளுடைய கடைசித் தம்பி. வீட்டுக்கு ஓராள் என்று இரண்டு தடவை இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது, இரண்டு தடவையும் தப்பி ஓடி வந்தான். ஏப்ரலில் ஒரு கூட்டத்தோடு கடல்நீரேரியைக் கடந்து ஆமியின் பக்கம் போக வெளிக்கிட்டான் என்பது வரைதான் செய்தி. அதற்குப் பிறகு முகாம் முகாமாய் விசாரித்தும் ஒரு தகவலும் இல்லை.

செத்தவீடு அவனுக்கல்ல. பஸ்ரியனின் தமையன் சீமோனின் மனைவி றெஜினாவுக்கும் ஒரு தம்பி இருந்தான். இயக்கத்தில் இருந்தவன். கடைசிச் சண்டையில் செத்துப்போனான் என்று போன் வந்தது. சீமோன் குடும்பம் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தது. நாலு கதிரை போட இடமில்லை. பஸ்ரியனுக்கு அஜின்கோர்ட்டில் வீடும் கராஜும் இருந்தன. ஆகவே படத்தை இங்கே வைத்தார்கள், விளக்கை இங்கே ஏற்றினார்கள், செபமாலை இங்கே சொன்னார்கள். பெண்கள் ஹோலில், ஆண்கள் கராஜில். பெண்கள் அழுவார்கள், ஆண்கள் குடிப்பார்கள். வந்தவர்களின் கையில் கோப்பை வெறுமையாய் இருந்தால் அது வீட்டுக்காரிக்கு அவமானம் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியாது. அருள்மலர் அதற்கு எதிராக வாய் திறக்கவில்லை. றெஜினா படத்துக்கு முன்னால் இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்கு வாய் வராது.

திங்கட்கிழமை சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் அறிவித்தது. அன்றைக்குக் கனடாவில் விக்ரோறியா மகாராணியின் விடுமுறை நாள். இருட்டத் தொடங்கியதும் தெருப் பிள்ளைகள் வாணம் விட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் றெஜினா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். யாரைத்தான் நொந்துகொள்வது, பிள்ளைகளுக்கு என்ன தெரியும். மறுநாள்தான் பஸ்ரியன் தன் வேலையைச் செய்து முடித்தான்.

அவனோடு கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அருள்மலர் கராஜுக்குத் திரும்பினாள். ஒரு மூலையில் ஜாக்கெற்றுகளுக்கு அடியில் உடைக்காத பெட்டி ஒன்று கிடந்தது. யாரையும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு இலக்கத்திலும் இரண்டிரண்டாக எட்டுப் போத்தல் தேறின. கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னாள். சனிக்கிழமைக்கு எட்டுப் போதும். அவற்றைக் குளிர் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து, மேலே பழைய போர்வை ஒன்றைப் போட்டாள். மேலே கராஜில், பியரில் காஸ் காணாது என்று ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார். காஸ் ஏறுவதற்குள் எடுத்துக் குடித்தால் எங்கிருந்து வரும்?

புதன்கிழமை தேநீர்த் தட்டோடு கராஜுக்குப் போனாள். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமிர்தநாதர், நல்ல மனிதர், அவள் முகத்தைப் பார்த்து, பிள்ளை உன்ரை தம்பியும் அங்கைதானே, ஏதும் தெரிஞ்சதோ என்று விசாரித்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் பதில் சொல்லுமுன் சீமோன் முந்திக்கொண்டான்.

“அவன் எப்பவோ அங்காலை ஓடிட்டான். உப்பிடி ஓடினவங்களாலைதான் எல்லாம் முடிஞ்சது.”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சீமோன் கெட்டவன் அல்ல. நாலு மாதம் ரக்ஸி ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தெருவில் கொடி பிடித்து நின்று தொண்டை கட்டிப்போன மனிதன். துக்கம் அவனுக்கும் உண்மைதான். ஆனால் துக்கம் உள்ளவனுக்கு எதையும் சொல்லலாம் என்று ஒரு உரிமை வந்துவிடுகிறதே, அதுதான் பொறுக்க முடியாதது. அருள்மலர் பல்லைக் கடித்துக்கொண்டு தேநீரைக் கொடுத்துவிட்டு வந்தாள். தன் வீட்டில், தன் கதிரையில் இருந்து, தன் பியரைக் குடித்துவிட்டு, தன் தம்பியைச் சொல்கிறான். சனிக்கிழமை, சனிக்கிழமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை அந்த எட்டுப் போத்தலோடு இந்த வீட்டை விட்டு இறங்கினால் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து, யாரோ இரவல் கொடுத்த போனில், மெற்றில்டா. வன்னியில் யூட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவள். கால் ஒன்று போய்விட்டது என்று அதை ஒரு செய்தியாகக்கூடச் சொல்லாமல் கடந்து, நேரே விஷயத்துக்கு வந்தாள். நீரேரியில் கழுத்தளவு தண்ணீர். தன்னுடைய சின்னவளை யூட்தான் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். முன்னுக்கு ஆமி ஒலிபெருக்கியில் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெடி பின்னாலிருந்து வந்தது. இயக்கம் நின்ற, விட்டுவந்த கரையிலிருந்து. அவன் விழும்போது பிள்ளையைப் பக்கத்தில் வந்தவரிடம் எட்டிக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தான். பிள்ளை இருக்கிறது. அவனை எடுக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் உங்கடை நம்பர் கிடைக்கேல்லை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று அழுதாள். லைன் அறுந்துவிட்டது.

அருள்மலர் அழவில்லை. பஸ்ரியனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான். கட்டிப்பிடித்தான், அவன் கண் கலங்கியதும் உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் சாகும்வரை மறக்காத வார்த்தைகளைச் சொன்னான்.

“இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதை அருள். இஞ்சை இவ்வளவு ஆக்கள். அதுகும் உப்பிடிச் செத்தவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும். பிறகு நாங்கள் ஆறுதலா ஒரு பூசை குடுப்பம்.”

ஆறுதலாக. வரிசையில் நின்று முறை வரும்போது அழவேண்டுமாம். சுட்டவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் செத்தவனுக்குக் கதிரை போடுவார்களாம். அவள் பஸ்ரியனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பின்வாங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அதேநேரம் கராஜிலிருந்து சீமோனின் குரல் வந்தது. பியர் முடிஞ்சுது, வீட்டிலை ஏதும் கிடக்கோ என்று கேட்டான்.

“கிடக்கு அண்ணை, கொண்டுவாறன்” என்றாள் அருள்மலர்.

நிலவறைக்கு இறங்கினாள். போர்வையை இழுத்து எறிந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். நன்றாகத் தெரிந்துதான் செய்தாள். நாளைக்கு மொய்ராவின் மேசையில் வைப்பதற்கு இந்த எட்டைத் தவிர வேறு இல்லை. அந்தக் கல்லூரிப் பெடியன் தன் போத்தல்களோடு வந்து உட்காருவான். திங்கட்கிழமை அவள் சமோசா அடுக்கப் போவாள். அது முழுதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தெரிந்தும் எட்டையும் கூடைக்குள் வைத்தாள். ஒரு செத்தவீட்டுக்கு என்ன வேண்டும்? கதிரை வேண்டும், சனம் வேண்டும், சனத்தின் கையில் கோப்பை வேண்டும். கதிரையும் சனமும் மேலே இருந்தன.

கராஜில் நடு மேசையில் கூடையை வைத்து, எட்டு மூடிகளையும் ஒவ்வொன்றாய் உடைத்தாள். இப்போது காஸ் ஏறியிருந்தது. ஒவ்வொரு போத்தலும் சீறியது. இருந்த கோப்பைகளிலெல்லாம் பங்கிட்டு ஊற்றி, ஒவ்வொருவருடைய கையிலும் தானே கொடுத்தாள். சீமோனுக்கு முதலில். பிறகு மேசைக்கு இப்பால் வந்து நின்றாள்.

“இது றெஜினாக்காவின்ரை தம்பியின்ரை செத்தவீட்டுப் பியர் இல்லை. என்ரை தம்பி யூட்டின்ரை. ஏப்ரலிலை, ஒரு பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை வரேக்கை சுட்டுப்போட்டாங்கள். ஆமி முன்னுக்கு நிண்டது. வெடி பின்னாலை இருந்து வந்தது. இப்ப குடியுங்கோ.”

வாசலில் வந்து நின்ற பஸ்ரியன் நிலத்தைப் பார்த்தான். சீமோன்தான் முதலில் வாய் திறந்தான்.

“உது ஆமி காம்பிலை வைச்சுச் சொல்லிக்குடுத்த கதை. நீ படிச்சனி, உதை நம்புறியே?”

“தண்ணியிலை கிடந்தவள் சொன்னவள் அண்ணை. அவன் தோளிலை வைச்சிருந்தது அவளின்ரை பிள்ளை. நீங்கள் அங்கை நிக்கேல்லை, நானும் நிக்கேல்லை. நம்பாட்டி விடுங்கோ. ஆனால் அவனை ஓடினவன் எண்டு சொல்லிப்போட்டு இந்த வீட்டிலை இனி ஒரு சொட்டுக் குடிக்கேலாது. குடிக்கிறவை இருங்கோ. மற்றவை எழும்புங்கோ.”

சீமோன் எழும்பினான். கோப்பையைக் கதிரையில் வைத்தான். அவனோடு ஆறேழு பேர் எழும்பினார்கள். சிலர் அவளைப் பார்க்காமல் போனார்கள், ஒருவர் போகும்போது துரோகி என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னார். அமிர்தநாதர் அசையவில்லை. கோப்பையை நெற்றிவரை உயர்த்தி, யூட் என்று பெயரைச் சொல்லி, நித்திய இளைப்பாற்றியைக் கொடும் ஆண்டவரே என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். இன்னும் இரண்டு பேர் அவரைப் பார்த்துக் குடித்தார்கள். மிஞ்சினவர்கள் கோப்பையைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

அப்போது ஹோல் பக்கத்துக் கதவால் றெஜினா வந்தாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றாளோ. கறுப்புச் சீலை, வீங்கின முகம். வாழ்நாளில் பியரை வாயில் வைத்தவள் அல்ல. வெளியே போக நின்ற புருஷனைத் தாண்டி வந்து, அவன் வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்துக்கொண்டு, அவன் கதிரையிலேயே இருந்தாள்.

“எத்தினை வயது?” என்று கேட்டாள்.

“இருவத்திரண்டு.”

“என்ரை தம்பிக்கு இருவத்தினாலு” என்று சொல்லிவிட்டு, மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுதையும் குடித்தாள். சீமோன் வாசலில் நின்று பார்த்தான். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

அருள்மலர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். மேசையில் இலக்க வரிசைப்படி நின்ற போத்தல்களில், இலக்கத்துக்கு ஒன்றாக நாலின் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நாளைக்கு மொய்ராவின் மேசையில் செய்வதாக நினைத்திருந்ததை அங்கேயே செய்தாள். முதலாவதை வாயில் விட்டுப் பார்த்தாள், தண்ணீர்போல ஒழுக்கமாய்ப் போனது. இரண்டாவதில் வாழைப்பழ மணம் தூக்கலாக இருந்தது. மூன்றாவது இன்னும் இனிப்பு மாறாமல் சோம்பலாய்க் கிடந்தது. நாலாவதை வாயில் விட்டதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. உலர்ந்து, தெளிந்து, பின்னால் மெல்லப் பேரிக்காய் வாசத்தோடு, இவ்வளவு காலத்தில் அவள் காய்ச்சியதில் அதைப்போல ஒன்று வந்ததில்லை. அவள் நினைத்தது சரி. தொடக்கத்திலிருந்தே சரி. அதை வைப்பதற்கு மேசையும் இல்லை, எழுப்பிச் சொல்வதற்குத் தம்பியும் இல்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லி, அந்த வெறும் போத்தலால் மேசையில் அடித்து அடித்து அழுதாள். றெஜினா அவளைத் தடுக்கவில்லை.